இரண்டாவது பாட்டு நுழைந்த இடம்

நண்பா,

செங்காங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் மின்தூக்கிக்குப் பக்கத்தில் இன்று காலை ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். சமூக மன்றத்தில் டிஜே வகுப்பு. மேலே தடித்த எழுத்தில் 'இசைப் பிரிவு' என்று போட்டிருந்தது. படித்ததும் உடம்பெல்லாம் எரிந்தது. கிழித்துப் போடக் கைகூடப் போய்விட்டது. மார்க்கெட் பையோடு நின்ற ஓர் அம்மாள் ஒரு மாதிரியாகப் பார்த்ததால் விட்டுவிட்டேன்.

எழுபதுகளின் கடைசியில் உன் வகுப்புக்கு நீ கேட்டதும் இதே இரண்டு வார்த்தைதான். வாரம் முழுக்க ஜூரோங் கப்பல் பட்டறையில் வெல்டிங். ஞாயிறு மத்தியானம் ஆர்ச்சர்ட் ரோட்டு ஹோட்டலில் ஆடுகிறவர்களுக்கு இசைத்தட்டுப் போடுவாய். சனிக்கிழமையானால் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு சமூக மன்றத்தில் ஒன்பது பேருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தாய். முதல் இரண்டு மாதம் ஒருவரையும் இயந்திரத்தைத் தொட விடவில்லை. தொடையில் தட்டி முப்பத்திரண்டு வரை எண்ணச் சொல்வாய், பாட்டு எங்கே திரும்புகிறது என்று கேட்பாய். ரேடியோ ஃபேக்டரியில் வேலை பார்த்த அந்தப் பெண் எண்ணிக்கை தவறியதற்கு அழுதுவிட்டாள். என்னிடம் மிருதங்கம் கற்றவர்களில் ஒருவரும் அப்படி அழுததில்லை.

சத்தம் தாங்கவில்லை என்று பக்கத்து அறைக்காரர்கள் புகார் கொடுத்தார்கள். சத்தம் வெளியே போகாத அறை ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதுவும் இசைப் பிரிவுக்கு மட்டும். நீ சொல்லிக்கொடுப்பது இசைதானா என்று பார்த்துவர மன்றக் குழு என்னை அனுப்பியது. கோயிலில் மிருதங்கம் வாசிக்கிறவன், தாளம் தெரிந்தவன் என்று எனக்குப் பெயர்.

நீ இரண்டு தட்டுகளை எடுத்து வைத்தாய். "கண்ண மூடிக்க. ரெண்டாவது பாட்டு எங்க நுழையுதோ அங்க கையத் தூக்கு, போதும்" என்றாய். இதென்ன பெரிய விஷயம் என்று உட்கார்ந்தேன். கடைசியில் கையைத் தூக்கிக் கண்ணைத் திறந்தால், முதல் தட்டு எப்போதோ உறைக்குள் போய் உன் கக்கத்தில் இருந்தது. நீ சிரிக்கவில்லை. அந்த இரண்டு பாட்டையும் பதிந்திருந்த கேசட்டை என் சட்டைப் பையில் வைத்து, வீட்டில் பொறுமையாகக் கேட்கச் சொன்னாய்.

அடுத்த வாரம் கூட்டம். நீ எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தாய்.

"இசைன்னு போடலாமா வேணாமா, நீங்களே சொல்லுங்க லா" என்றார் தலைவர்.

"இது மெஷின் வேலை சார். இசையில்ல" என்றேன்.

பொய். இருபது வருடம் தாளம் போட்டவன் தோற்றுவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவுதான் காரணம், வேறு ஒரு மண்ணும் இல்லை. அந்த மாதமே வகுப்பு நின்றது.

என்மேல் உள்ள கோபம் என்னோடுதான் போகும். ஆனால் உன்மேலும் எனக்குக் கோபம்தான். இவனாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை என்று அங்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அறை கிடைத்திருக்கும். நீ வாயே திறக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் கீழே கடையில் எனக்கும் சேர்த்துத் தே தாரிக் டீ வாங்கிவந்து, "நாலு பேர் முன்னாடி உன்ன எப்படிடா விட்டுக்குடுக்கிறது" என்றாய். அந்தப் பெருந்தன்மையை உன்னிடம் யார் கேட்டது? என் மானத்துக்காக ஒன்பது பேருடைய வகுப்பைத் தூக்கிக் கொடுக்க நீ யார்? அதற்குப் பிறகு நீ யாருக்கும் சொல்லிக்கொடுக்கவே இல்லை. கடைசிவரை என் வீட்டுக்கு வந்தாய், சாப்பிட்டாய், ஒருநாள்கூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்து என்னைத் திட்டியிருக்கலாம். திட்டாமலே போய்ச் சேர்ந்துவிட்டாய்.

கேசட் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அறிவிப்பைப் பார்த்துவிட்டு மேலே வந்ததும் அதைத்தான் போட்டேன். நாடா தேய்ந்து இரைகிறது. கண்ணை மூடிக்கொண்டு, தொடையில் தட்டி, நீ சொன்னபடியே எண்ணிப் பார்த்தேன்.

கையை எங்கே தூக்குவதென்று தெரியவில்லையடா. அன்றைக்கும் தெரியவில்லை.