மழையில் ஒரு மட்டைச் சோதனை

அன்பு மகள் நோரீனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம், சுகத்துக்கும் ஒரு படி மேலே என்றே வைத்துக்கொள். அங்கே நீயும் கேலமும் என் செல்லப் பேத்தி மில்லியும் சுகமாக இருக்கிறீர்களா, மில்லியின் இருமல் நின்றதா? உங்கள் நியூசிலாந்தில் இப்போது குளிர் தொடங்கியிருக்கும், நான் அனுப்பிய கம்பளிக் காலுறைகளை வெந்நீரில் துவைத்துவிடாதே, போன தடவை துவைத்து அது பொம்மைக்குக்கூடப் பற்றாமல் போனது. தொலைபேசியில் அன்று நான் ஒரே கத்தலாகக் கத்தியதில் உனக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஜெயித்தோம் என்பது மட்டும் காதில் விழுந்தது, மற்றதெல்லாம் ஆட்டுக்குட்டி கத்துவதுபோல் இருந்தது என்று எழுதியிருந்தாய். அதனால்தான் உட்கார்ந்து நிதானமாக எழுதுகிறேன், நிதானம் எத்தனை வரிக்கு நிற்கும் என்று தெரியவில்லை. கேலமுக்கும் படித்துக்காட்டு. நம் மாப்பிள்ளைக்கு ரக்பியை விட்டால் வேறொன்றும் தெரியாது, ஆகவே உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன், சலித்துக்கொள்ளாதே.

அப்பாவைப் பற்றி நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாடு மேய்ந்த புல்வெளியில், வேறு கல்லூரி கழித்துப்போட்ட தலைக்கவசங்களோடு டன்மோர் கல்லூரியின் லக்ராஸ் அணியை, அதான் வலைப்பை மட்டையால் பந்தை ஏந்தி எறிந்து கோல் போடும் ஆட்டத்துக்கான அணியைத் தொடங்கிய மனிதர். பிப்ரவரியில் பனியை வாரித் தள்ளிவிட்டுப் பயிற்சி கொடுப்பார், மே மாதம் முடியும்வரை வீட்டுக்கு விருந்தாளி மாதிரிதான் வருவார். நீ பிறந்ததும் மே மாதம்தான், அவர் காலிறுதி ஆட்டத்தில் இருந்தார், பூங்கொத்தோடு ஓடிவந்தபோது நீ ஒரு தூக்கம் தூங்கி எழுந்திருந்தாய். நம் பிராந்தியத்தில் அவர் அளவுக்கு ஆட்டங்கள் ஜெயித்த பயிற்சியாளர் கிடையாது. ஆனால் அந்தத் தேசியக் கோப்பை மட்டும் கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போய்க்கொண்டே இருந்தது. இறுதி ஆட்டத்துக்குப் போவார், தோற்பார், பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசாமல் வருவார், மறுநாள் காலை அடுத்த ஆண்டுக்குப் பையன்களைத் தேடப் புறப்பட்டுவிடுவார். போன இலையுதிர் காலத்தில் மில்லி திரையில் அவரைப் பார்த்து “யாரு?” என்று கேட்டாளே, அன்றைக்குத்தான் மனிதருக்குச் சுருக்கென்றது. இணைப்பைத் துண்டித்துவிட்டுச் சமையலறைக்கு வந்து, “வில்மா, அந்தக் கோப்பை ஒரே ஒரு தடவை கைக்கு வரட்டும், விசிலைக் கழட்டிட்டு உன்கூட நோரீன் வீட்டுக்கு வந்துடறேன், சத்தியம்” என்றார். தோற்றால்? தோற்றால் இன்னும் ஒரு வருஷம், அவ்வளவுதான். மில்லி இன்னும் ஒரு வருஷம் “யாரு?” என்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

சரி, இறுதி ஆட்டத்துக்கு வந்தாயிற்று, எதிரே யார்? ஆஷ்பி கல்லூரி. அதன் பயிற்சியாளர் யார்? உன் அருமைத் தம்பி டெக்லன்! அப்பாவிடமே கோல் காவலனாக ஆடி, அப்பாவுக்கே உதவியாளனாக இருந்து, எல்லா வித்தையையும் கற்றுக்கொண்டு, குருவுக்கே குழி வெட்டக் கிளம்பிய புத்திரன். எனக்கு எப்படி இருந்திருக்கும், நீயே சொல். ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்று யாரும் வாயைத் திறக்கக் கூடாதென்று இரண்டு அணிச் சட்டையையும் நடுவில் வெட்டி, பாதி டன்மோர் பச்சை, பாதி ஆஷ்பி சிவப்பாகத் தைத்து மாட்டிக்கொண்டேன். உங்கள் மார்கி சித்தி என்னைப் பார்த்து, “அடியே, பழுத்தும் பழுக்காத தக்காளி மாதிரி இருக்கடி” என்றாள். அவளைப் பக்கத்தில் உட்கார வைத்தது என் தப்பு.

இங்கே ஒரு விஷயம் கேலமுக்குச் சொல்ல வேண்டும். மட்டையின் தலையில் வலை மாதிரி ஒரு பை இருக்கும், பந்து அதில்தான் உட்காரும். பை ஆழமாகத் தொங்கினால் பந்தை எவனாலும் தட்டிப் பறிக்க முடியாது, அது சட்டவிரோதம். மட்டையைக் கிடையாகப் பிடித்து உள்ளே பந்தை வைத்தால், பந்தின் தலை மட்டையின் பக்கவாட்டுச் சட்டகத்துக்கு மேலே கொஞ்சமாவது தெரிய வேண்டும். சந்தேகம் வந்தால் எதிரணிப் பயிற்சியாளர் சோதனை கேட்கலாம். உன் அப்பா தன் வாழ்நாளில் ஒரு முறைகூடக் கேட்டதில்லை, கேட்பது ஆண்பிள்ளைத்தனம் இல்லையாம். நன்றி விருந்தன்று வான்கோழியை வெட்டிக்கொண்டே டெக்லன், “அதனாலதாம்பா உங்களுக்குக் கோப்பை வரல” என்று சொல்லி, அப்பா சாஸ் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துவைத்துக்கொண்டு அவனுக்குக் கொடுக்காமல் போனது உனக்கு எழுதியிருந்தேன். இப்போதெல்லாம் பையன்கள் கடை வலைதான் மாட்டுகிறார்கள். ஆனால் எங்கள் அணியின் கோல் ராஜா பிரோடி மட்டும் நான் தோலும் நூலும் வைத்துப் பின்னிக்கொடுக்கும் பைதான் வேண்டும் என்பான். இந்த ஆட்டத்தை ஆதியிலிருந்தே ஆடிவரும் பூர்வகுடிகளின் பக்கத்து ஒனோண்டாகா ஊரில் ஆடுகிறவர்களிடம் பழகிப் பழகி வந்த பின்னல் அது. தோல் மழையில் நனைந்தால் தொய்ந்துவிடும். நம் வீட்டுச் சமையலறை மேசையில் வளர்ந்த டெக்லனுக்கு இது தெரியாதா?

ஆட்டத்தன்று காலையிலேயே வானம் மூடிக்கொண்டிருந்தது. நான் விடுதிக் குளியலறையில் பிரோடியின் மட்டையை நன்றாக நனைத்து, தோல் ஈரமாக இருக்கும்போதே முடிச்சுகளை இழுத்து இறுக்கிவிட்டேன், இனி மழையில் நனைந்தாலும் அதிகம் தொய்யாது. எல்லா மழை ஆட்டத்துக்கும் செய்கிற வேலைதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காலை உணவின்போது டெக்லன் வந்து என்னை முத்தமிட்டு, என் தட்டிலிருந்த பன்றி இறைச்சியில் ஒரு துண்டைக் களவாடிக்கொண்டு, பூனை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, “மழை வரும்போல இருக்கே, பை எல்லாம் எப்படிம்மா?” என்றான். “உன் பசங்களப் பார்றா, எங்க பையப் பத்தி உனக்கென்ன” என்றேன். பொய் சொல்லவில்லை பார். ஆனால் பை தொய்யத்தான் போகிறது என்று அவன் தப்பாகப் புரிந்துகொண்டது அவன் சிரித்த சிரிப்பிலேயே தெரிந்தது, நான் திருத்தவில்லை. தாய் என்றால் எல்லாவற்றையும் சொல்லித்தான் ஆக வேண்டுமா என்ன.

இரண்டாம் பாதியில் கொட்டோ கொட்டென்று கொட்டியது. சமநிலை, கடைசி நிமிஷம், பிரோடி இரண்டு பேரைச் சுற்றிக்கொண்டு வந்து அடித்தான் பார், கோல்! நான் பச்சைக் கையை மட்டும் தூக்கினேன், சிவப்புக் கை என்னை அறியாமல் தானாக எழும்பியது. அந்த நேரத்தில் டெக்லன் நடுவரைக் கூப்பிட்டு மட்டைச் சோதனை கேட்டான். அரங்கம் முழுக்க ஊளை. மட்டை தவறாக இருந்தால் கோல் செல்லாது, பிரோடி வெளியே, எங்கள் கதை முடிந்தது. சரியாக இருந்தால், வீணாகக் கேட்ட அணி தன் இடைநிறுத்தம் ஒன்றை இழக்க வேண்டும்; ஆஷ்பிக்கு அது ஒன்றும் மிச்சமில்லாததால், அபராதமாகப் பந்து எங்கள் கையில். நடுவர் பந்தைக் கையில் எடுத்ததும் மார்கியின் முழங்கையைப் பற்றிக்கொண்டேன். கடவுளே என்று ஆரம்பித்தேன், அதற்குமேல் யாருக்காக வேண்டுவதென்று தெரியவில்லை. ஒரு பக்கம் புருஷன், ஒரு பக்கம் பெற்ற பிள்ளை, நடுவில் என் முடிச்சு. பந்து உள்ளே உட்கார்ந்தது. நடுவர் குனிந்து, மட்டையைக் கண்ணுக்கு நேரே பிடித்து, இந்தப் பக்கம் பார்த்து, அந்தப் பக்கம் பார்த்து, நான் செத்துப் பிழைத்த பிறகு, கோல் செல்லும் என்று கையைக் காட்டினார். பந்தின் தலை ஒரு நகக்கண் அளவுக்குத் தெரிந்ததாம்! மார்கி என்னைத் தூக்கினாள், அவளுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது, இன்னும் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். எங்கள் பையன்கள் பந்தைச் சுற்றிச் சுற்றி விளையாட்டுக் காட்டி நேரத்தைக் கரைத்தார்கள், சங்கு ஊதியது, அவ்வளவுதான் நோரீன், அவ்வளவுதான், உன் அப்பா ஜெயித்துவிட்டார்!

தோற்றுத் தோற்றுப் பழகிய மனிதருக்கு ஜெயித்தால் என்ன செய்வதென்று தெரியவில்லை. பையன்கள் ஜெயித்தவர்களின் வழக்கப்படி பனிக்கட்டித் தண்ணீரைத் தலையில் கொட்டியபோது, “மழைதான் பெய்யுதே, அப்புறம் இதெதுக்குடா?” என்று கேட்டாராம். கைகொடுக்கும் வரிசையில் டெக்லனைப் பிடித்து நிறுத்தி, “நம்ம குடும்பத்துல ஒருத்தனுக்காவது அதைக் கேக்கத் துணிச்சல் வந்துச்சே” என்று சொல்லி இறுக்கிக் கட்டிக்கொண்டார். உன் தம்பி என்னிடம் வந்து, “ஏம்மா, நான் கேப்பேன்னு தெரிஞ்சேதான் இறுக்குனியா?” என்றான். மழை வரும் என்று தெரிந்து இறுக்கினேனடா, நீ கேட்பாயென்று எனக்கு என்ன ஜோசியமா தெரியும் என்றேன். சிரித்தான், பிறகு என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்சம் அழுதான். நானும் அழுதேன். சிவப்புப் பாதி முழுக்க அவன் மூக்கு நீர்தான்.

ஆனால் எனக்கு உண்மையான சோதனை அதற்குப் பிறகுதான் வந்தது. திரும்பும் பஸ்ஸில் கல்லூரித் தலைவி ஹாஸ்கின்ஸ் அம்மாவும் ஏறிக்கொண்டார். வழியில் எழுந்து நின்று அப்பாவைப் பார்த்து, “கெரிகன், நீங்க இல்லாத டன்மோரை என்னால நினைச்சே பாக்க முடியல, இன்னும் மூணு வருஷம் இருங்க, கேட்டதெல்லாம் தர்றோம்” என்றார். உடனே பையன்கள் இருக்கைகளைத் தட்டிக்கொண்டு “இன்னும் ஒரு வருஷம்! இன்னும் ஒரு வருஷம்!” என்று ஆரம்பித்துவிட்டார்கள். அப்பா முகம் மலர்ந்ததைப் பார்த்தேன், கண்ணே. அந்த முகம் எனக்குத் தெரியும். நான் ஒன்றும் சொல்லக் கூடாது, கெஞ்சி அவரைக் கூட்டிக்கொண்டு போவது எனக்கு வேண்டாம் என்று சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே ஒன்றும் தெரியவில்லை, மழை. அப்பா எழுந்தார். சத்தம் அடங்கியது. “பசங்களா, இத்தனை வருஷமா மே மாசம்னா இவ என் பஸ்ஸுல வந்தா. அடுத்த மே மாசம் நான் இவகூடப் போறேன்” என்றார். சொல்லிவிட்டு நேரே நடந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். இத்தனை காலத்தில் ஒருநாள்கூடப் பயிற்சியாளர் இருக்கையை விட்டுப் பின்னால் வந்து என்னோடு உட்கார்ந்ததில்லை, நோரீன். வீடு வரும்வரை என் கையை விடவில்லை.

உனக்கும் கேலமுக்கும் ஒரு குறையும் வராமல் நிறைவாக இருக்க என் ஆசி. மில்லிக்குத் தாத்தா ஆயிரம் முத்தம் அனுப்பச் சொன்னார், தானே நேரில் கொடுக்கப் போவதால் இது கணக்கில் சேராதாம். ஒன்று மட்டும் மறக்காதே: அப்பாவின் படத்தை அவள் கட்டிலருகே மாட்டி வை, அடுத்த மே மாதம் வாசலில் நாங்கள் வந்து நிற்கும்போது அவள் யாரு என்று கேட்கக் கூடாது.

என்றும் உன் நினைவாக,
அம்மா வில்மா