ஊட்டுற கையைத் தட்டிவிடாதே

அடிஸ் அபாபா,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புத் தோழி சௌந்தர்யாவுக்கு,

ஹெலன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே நான் உயிரோடும் கோபத்தோடும் இருக்கிறேன். அங்கே நீ, வசந்த், பிள்ளை, மாமியார் எல்லாரும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன்.

மரியாதையா ஆரம்பிச்சாச்சு, போதும். இனிமே பேசுற மாதிரியே எழுதுறேன். இன்னாடி நெனச்சிக்கினு இருக்கே நீ? எத்தியோப்பியாவுல இன்னா திங்கிறது, இன்னா உடுத்துறது, ஆளுங்க எப்படின்னு வாட்ஸாப்புல கேள்வி மேல கேள்வியா அனுப்பிட்டு, கடைசியில வர்றதா வேணாமான்னே இன்னும் முடிவு பண்ணலக்கான்னு சொல்றே. போன்ல பதில் சொல்லலாம்னா இங்க நெட்டு வந்தா வந்துது, போனா போனதுதான். வர்ற நேரத்துல பேசினாலும் வசந்த் ஸ்பீக்கர்ல போட்டு மாமியாரையும் பக்கத்துல உக்கார வெச்சிடுறான். அதான் காகிதம் எடுத்தேன். மெஷின் மெக்கானிக் இஷ்தியாக் பாய் நாளைக்குக் காலையில லீவுல ஆம்பூர் கிளம்புறார். அவர் கையில குடுத்து அனுப்புறேன். நீ மட்டும் படி.

முதல்லயே உடைச்சுச் சொல்லிடுறேன். நீ வந்தாத்தான் நான் ஊருக்குப் போக முடியும். இந்த ஷூ கம்பெனியில தையல் லைனைப் பார்க்க ஆம்பூர்ல இருந்து ஒருத்தி வராம உன்னை விட முடியாதும்மான்னு ஆபீஸ்ல நிசார் அஹமது பாய் கறாரா சொல்லிட்டார். என் கிருபாவுக்கு எட்டாம் மாசம் பொறந்துடுச்சு. தலைச்சன் பிரசவம், அப்பா இல்லாத பொண்ணு. கால் வீங்கியிருக்காம், பிரஷர் ஜாஸ்தியா இருக்குன்னு டாக்டரம்மா சொன்னாங்களாம். பெத்தவ நான் இங்க உக்காந்து ஊரார் வீட்டுப் பொண்ணுங்களுக்கு ஷூ தைக்கக் கத்துக் குடுத்துக்கினு இருக்கேன். வயிறு எரியுதுடி. அதனால கீழ நான் எழுதுறதுல எது புத்திமதி, எது என் சுயநலம்னு நீயே பிரிச்சுப் பாத்துக்கோ.

குக்கர் எடுத்துக்கோ. சின்னதா ஒண்ணு, கூட ஒரு ரப்பர் வளையம். இந்த ஊர் ஏலகிரியை விட உசரத்துல இருக்கு. சட்டியில அரிசி போட்டா தண்ணி கொதிக்குதே தவிர அரிசி வேகாது. முதல் நாள் நான் தின்னது சோறு இல்ல, சுடுதண்ணியில ஊறின அரிசி. மாடி ஏறினா மூச்சு வாங்கும், அதுக்குப் பயந்துடாதே, கொஞ்ச நாள்ல பழகிடும். புளியும் காய வெச்ச கறிவேப்பிலையும் கட்டிக்கோ. மிளகாய்த்தூள் மட்டும் வேணாம், காரத்துல இவங்க நமக்கு அக்கா. மாசாமாசம் தேவைப்படுறதை ஊர்ல இருந்தே வாங்கி வந்துடு, இங்க கேக்கக் கூச்சமா இருக்கும். ஸ்வெட்டர் ரெண்டு. வேலைக்குச் சுடிதார் போதும். புடவை கட்டி ரோட்டுல நடந்தா குழந்தைங்க எல்லாம் இந்தியா இந்தியான்னு பின்னாடியே வரும், அதுவும் ஒரு நாளைக்கு நல்லாத்தான் இருக்கு.

இவங்க சாப்பாடு இன்ஜெரா. பெரிய தோசைன்னு வெச்சுக்கோ, மாவை ரெண்டு நாள் ஜாஸ்தி புளிக்க விட்ட மாதிரி இருக்கும். தட்டு ஒண்ணுதான். சுத்தி உக்காந்து எல்லாரும் அதுல இருந்தே பிச்சுத் தின்னணும். ஆம்பூர்ல நம்ம ஜஹீருன்னிசா வீட்டுல பெருநாளைக்கு ஒரே தட்டுல பிரியாணி தின்னவங்கதானே நாம, அது ஒண்ணும் பெரிசில்ல. புதனும் வெள்ளியும் விரதம், கறி, பால் எதுவும் தொட மாட்டாங்க. அன்னிக்கு அவங்க எதிர்ல முட்டையை உரிச்சிக்கினு உக்காராதே.

அப்புறம் இந்தக் கடிகாரம். அய்யோ, அது ஒரு பேஜார். பொழுது விடிஞ்சதுல இருந்து மணி எண்ணுவாங்க. நமக்குக் காலையில ஏழுன்னா அவங்களுக்கு ஒண்ணு. ஞாயித்துக்கிழமை மூணு மணிக்குக் கோயிலுக்குப் போலாம்னு லைன்ல ஒரு பொண்ணு சொன்னா. நான் மத்தியானம் சாப்பிட்டு, படுத்து எழுந்து, தலை சீவிக்கினு நிக்கிறேன். அவ காலையில ஒம்போதுக்கே வந்து பாத்துட்டுப் போய்ட்டாளாம். யார் மணி சொன்னாலும் உங்க மணியா எங்க மணியான்னு கேட்டுக்கோ. கோயிலுக்குப் போறப்போ வெள்ளைத் துணி போத்திக்கணும், செருப்பை வாசல்ல விடணும். ஊருக்கெல்லாம் ஷூ தைக்கிறவ வெறுங்காலோட குளிர்ல நடுங்கினேன், சிரிக்காதே.

பேசிக்கினே இருக்கிறப்போ திடீர்னு மூச்சை உள்ளே இழுப்பாங்க. நெஞ்சு வலியோன்னு தண்ணி பாட்டிலைத் தூக்கிக்கினு ஓடினேன். ஆமாம்னு சொல்றாங்களாம்! நாம தலையை இப்படி அப்படி ஆட்டினா அவங்களுக்குப் புரியாது. வாயைத் திறந்து இஷின்னு சொல்லு, சரின்னு அர்த்தம். அது ஒண்ணு தெரிஞ்சா பாதி ஊரைச் சுத்தி வந்துடலாம். யார் வீட்டுலயாவது காபிக்குக் கூப்பிட்டா முதல் கிண்ணத்தோட எழுந்துக்காதே. மூணு தடவை ஊத்துவாங்க, மூணாவதுதான் ஆசீர்வாதமாம். வேலை கிடக்குதுன்னு பரபரக்கிறவங்களுக்கு இது பெரிய தண்டனை. எனக்கு இப்போ எல்லாமே தண்டனைதான், ஒரு இடத்துல உக்கார முடியல.

இஷ்தியாக் பாய் இப்பவே ரெண்டு தடவை கதவைத் தட்டி முடிஞ்சுதான்னு கேட்டுட்டார். பொட்டியைப் பூட்டணுமாம். முக்கியமானதை இன்னும் எழுதவேயில்ல.

வந்த முதல் வாரம், மத்தியானச் சாப்பாடு. லைன்ல அல்மாஸ்னு ஒரு பொண்ணு, பாக்க என் கிருபா வயசு. பேரைக் கேட்டதும் நம்ம பாய் வீட்டுப் பொண்ணு மாதிரி இருக்கேன்னு எனக்குப் பிடிச்சுப் போச்சு. அவ இன்ஜெராவுல பருப்பை வெச்சு உருட்டி, நேரா என் வாய்கிட்ட கொண்டு வந்துட்டா. தின்னுக்கினு இருந்த கைடி! எச்சில் கை! அதுவும் நான் சூப்பர்வைசர், அவ வேலை கத்துக்க வந்தவ. முகத்தைத் திருப்பி அவ கையைத் தட்டிவிட்டுட்டேன். உருண்டை தரையில விழுந்துது.

மறுநாள் லைன் செத்துப் போச்சு. சொன்னதைச் செஞ்சாங்க, அவ்ளோதான். ஒருத்தி மூச்சை இழுக்கல, ஒருத்தி சிரிக்கல. தையல் எல்லாம் கோணல், பீஸ் எல்லாம் திரும்பி வருது. இன்னா ஆச்சுன்னு ஆபீஸ்ல இங்கிலீஷ் தெரிஞ்ச அம்மாவைக் கேட்டேன். அதுக்குப் பேரு குர்ஷாவாம். பிரியம் இருக்கிறவங்களுக்கு, மதிக்கிறவங்களுக்குத்தான் கையால ஊட்டுவாங்களாம். வீட்டுக்கு வந்தவளை முதல் வாய் ஊட்டித்தான் நம்மவளாக்குறதாம். நான் தட்டிவிட்டது அவ கையை இல்ல, அவளையேன்னு அந்தம்மா சொன்னாங்க. எனக்குத் தூக்கு மாட்டிக்கலாம் போல ஆயிடுச்சு.

அடுத்த நாள் நானே உருட்டிக்கினு போய் அல்மாஸ் எதிர்ல நின்னேன். அவ திரும்பிக்கினா. நான் நகரல. கை வலிக்குது, எல்லாரும் வேடிக்கை பாக்குறாங்க. கடைசியில வாயைத் திறந்தா, திமிர் பிடிச்சவ, என் விரலையும் சேத்துக் கடிச்சா. உடனே மொத்த லைனும் எழுந்து வந்து எனக்கு ஊட்டி ஊட்டி மூச்சு முட்ட வெச்சிட்டாங்க. அன்னிக்கு சாயந்திரம் ரூமுக்கு வந்து கிருபாவை நெனச்சு ஓன்னு அழுதேன்.

நல்லதை மட்டும் எழுதினா பாவம். ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போய் வந்தா, மிச்ச நேரம் இங்க சுவரைத்தான் பாக்கணும். கம்பெனி கேட்டை விட்டுத் தனியா போக விட மாட்டாங்க. மழை வந்தா விடாது. பிள்ளை ஞாபகம் வந்தா கையில புடிச்சுக்க ஒண்ணும் இருக்காது. காட்பாடி தாண்டாதவ நீ, கஷ்டம்தான். ஆனா சூப்பர்வைசர் ஆகணும்னு நீ ஏங்கினது எனக்குத் தெரியும். உன் தையல் மாதிரி இந்த லைனுக்கு யாரும் கத்துக் குடுக்க முடியாது. நாலு பேர் இன்னா பேசுவாங்கன்னு வசந்த் சொல்றானாமே, அந்த நாலு பேர் நம்ம வீட்டு உலையில அரிசி போட மாட்டாங்கன்னு சொல்லு. உனக்காக வர்றதா இருந்தா வா. எனக்காக மட்டும்னா வேணாம்டி. இதை எழுத எனக்கு மனசே வரல, ஆனாலும் எழுதிட்டேன்.

வந்தேன்னா ஏர்போர்ட்டுல இன்ஜெரா உருட்டிக்கினு நிப்பேன், வாயைத் திற.

வரலன்னா ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். இங்க என் இடத்துல நிக்க முடியாதவ, அங்க என் இடத்துல நில்லு. கிருபாவுக்கு வலி எடுத்தா நீ போ. பிள்ளை பொறந்ததும் கிருபாவுக்கு முதல் வாய்ச் சோறு அவளைப் பெத்தவ கையால போகணும், என் கைக்குப் பதிலா அதை நீ ஊட்டு. பூண்டு ரசம் ஊத்திப் பிசைஞ்சுக்கோ. அடுத்தவங்க கைபட்டதை அவ தின்ன மாட்டா, முகத்தைத் திருப்பிக்குவா. என் பொண்ணுதானே, என் புத்திதான் இருக்கும். நீ கோவிச்சுக்கினு எழுந்துடாதே. அவ வாயைத் திறக்கிற வரைக்கும் கையை எடுக்காதேடி சௌந்தர்யா.

கர்த்தர் உன் வீட்டையும் என் வீட்டையும் காக்கட்டும்.

உன் பதிலுக்காக வாசலையே பார்த்திருக்கும்,
ஹெலன்.