அத்தான் சட்டை எரித்த காலை

8 ஆகஸ்டு 1982, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். துவைத்த துணி எதுவும் காயவில்லை. நாளை அக்காவோடு ஈப்போ, வக்கீல் மி. லிம்மைப் பார்க்க. அத்தானின் தூக்குத் தண்டனைக்கு எதிரான மேல்முறையீடு அடுத்த மாதம் கோலாலம்பூரில். வசதியில்லாதவர்கள் என்று கோர்ட்டே மி. லிம்மை எங்களுக்கு அமர்த்தித் தந்தது. நல்ல மனிதர்.

எடுத்துப் போக: குடை, மலைப்பாதையில் அக்காவுக்கு வரும் வாந்திக்கு எலுமிச்சை, என் நல்ல செருப்பு.

குழாயடியில் ராஜம்மாக்காவைக் கண்டதும் அக்கா பாதி வாளியோடு திரும்பிவிட்டாள். அத்தான் சட்டையை எரித்ததைப் பார்த்தேன் என்று கோர்ட்டில் சாட்சி சொன்னவர் அவர்தான்.

"அவங்க பொய் சொல்லலையேக்கா" என்றேன்.

"ஒன் காலேஜ் பட்டத்த தூக்கி அடுப்புல போடு."

9 ஆகஸ்டு

திரிங்காப்பிலிருந்து கோஸ் ஏற்றி வந்த லோரியில் தாப்பா வரை. டிரைவர் ஆ சாய் எங்களை முன்னால் உட்கார வைத்தார். வளைவு வரும்போதெல்லாம், "அக்கா, பயம் வேணாம்லா, நான் மெதுவா போறேன்." மெதுவாகத்தான் போனார். பிறகு பஸ்.

மி. லிம் ஆங்கிலத்தில் விளக்கினார். எஸ்டேட் கங்காணி கொலையுண்டதை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. எல்லாம் சந்தர்ப்ப சாட்சியம். அன்று மாலை அத்தான் அவரோடு லீவுக்காகச் சண்டை போட்டது. கங்காணி செத்துக் கிடந்த பாதையிலேயே வீட்டுக்கு நடந்து வந்தது. மறுநாள் விடியலில் வாசலில் சட்டையை எரித்தது.

"சண்டையும் நடையும் எவனுக்கும் நடக்கும். சட்டைதான் கழுத்தைப் பிடிக்கிறது. இரத்தக் கறையை மறைக்க எரித்தார் என்று ஜூரி நம்பிவிட்டது. ஏன் எரித்தாய் என்று கேட்டதற்கு 'பழசு' என்று மட்டும் சொல்லியிருக்கிறார்."

சட்டையைப் பற்றி அக்கா எப்போதும் அழுதுகொண்டே சொல்வாள், நாள் எதுவென்று சொன்னதில்லை. கொலை நடந்த அந்த ஜனவரியில் நான் பல்கலைக்கழக விடுதியில். இன்றுதான் மி. லிம் வாயால் தேதி கேட்டேன். பதின்மூன்று. எழுந்து கதவுவரை வந்த பிறகு, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "சார், அன்றைக்குப் போகி."

"என்ன அது?"

பொங்கலுக்கு முந்தின நாள். பழைய துணி, பாய் எல்லாம் விடியலில் வாசலில் எரிப்போம். எங்கள் லயத்து வரிசை வீடுகள் முழுக்கப் புகை.

பேனாவை வைத்துவிட்டார். "இதை ஏன் ஒருவரும் சொல்லவில்லை?"

அக்காவிடம் தமிழில் கேட்டேன். "இதப் போய் யாராச்சும் சொல்லுவாங்களாடி? நாந்தான் அந்த சட்டைய எரிக்கச் சொல்லி எடுத்துக் குடுத்தேன், அக்குள் கிழிஞ்சது. தேதிய கோர்ட்டுல அவங்களே எழுதி வச்சிருக்காங்க. போகின்னு தெரியாதா?"

மொழிபெயர்த்தேன். மி. லிம் பேனாவை மறுபடி எடுத்தார். பிறகு: "எங்கள் சீனப் புது வருஷத்தன்று வீட்டைக் கூட்டமாட்டோம், அதிர்ஷ்டம் போய்விடும். நானும் அதை யாரிடமும் சொன்னதில்லை."

அன்று லயத்தில் எல்லோரும் எரித்தார்கள் என்று குடும்பத்தில் இல்லாத ஒருவர் சத்தியம் செய்து எழுதித் தர வேண்டுமாம். சாட்சி சொன்ன அந்த அம்மாவே தந்தால் நல்லதாம்.

10 ஆகஸ்டு

பனி. எதிர்வீடு தெரியவில்லை.

அக்காவிடம் சொல்லாமல் ராஜம்மாக்கா வீட்டுக்குப் போனேன்.

"சட்டைய எரிச்சானான்னு கேட்டாங்க. ஆமான்னேன். நீ என்னா எரிச்சேன்னு கேட்டிருந்தா என் கிழிஞ்ச பாயயும் சொல்லியிருப்பேன். கேக்கலையேம்மா" என்றார். அப்புறம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். "ஒங்கக்கா என்னப் பாத்தா வாளியத் தூக்கிட்டு ஓடுறா. எனக்கு மட்டும் சோறு எறங்குதா?"

ஈப்போவுக்கு வந்து சத்தியம் செய்கிறேன் என்றார். "கைநாட்டுதான் எனக்கு. செல்லுமா?"

செல்லும்க்கா.

அவருக்கு லீவு கேட்டு, எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியிடம் போனேன். காரணத்தைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "எங்க வீட்டுலயும்தான் எரிச்சோம். நானும் வந்து சொல்றேன்லா." பொழுது சாய்வதற்குள் செய்தி பரவிவிட்டது. ஆளாளுக்கு வந்து தாங்கள் எரித்ததைச் சொல்கிறார்கள். ஒருவர் மாமியாரின் தலையணையை எரித்தாராம். "அத கோர்ட்டுல சொல்லாத, வேற கேசு போட்டுருவாங்க" என்று அவர் தம்பி.

அக்கா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். சிரித்தாளா, தெரியவில்லை.

20 செப்டம்பர், கோலாலம்பூர்

புழுக்கம். அத்தான் இளைத்திருந்தார். எங்களைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

மூன்று நீதிபதிகள். நடுவில் இருந்தவர் அரசாங்க வக்கீலைக் கேட்டார்: "அன்று காலை அந்த லயத்தில் இன்னும் எத்தனை வாசலில் நெருப்பு எரிந்தது?"

அவர் காகிதங்களைப் புரட்டினார். விசாரிக்கவில்லை என்றார்.

அக்கா என் கையை நெரித்த இடம் இன்னும் வலிக்கிறது.

மத்தியானத்துக்கு மேல் தீர்ப்பு. சந்தேகம் இருக்கிறது, சட்டையை எரித்ததற்குக் குற்றமில்லாத காரணம் ஒன்று இருக்க, அதை ஜூரிக்கு எடுத்துச் சொல்லவில்லை. தண்டனை ரத்து. விடுதலை. அக்காவுக்கு ஆங்கிலம் புரியாது. என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

மி. லிம்முக்குச் சொல்ல வழியெல்லாம் வாக்கியம் தயாரித்திருந்தேன். "சார்" என்பதற்குமேல் வரவில்லை. "போங்கள், உங்கள் அக்கா தனியாக நிற்கிறார்" என்றார்.

கங்காணியின் மனைவியையும் நினைத்துக்கொண்டேன். யார் கொன்றது என்ற அவர் கேள்விக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை.

22 செப்டம்பர்

வெயில், அபூர்வமாக. அத்தான் வீட்டில். பகலெல்லாம் தூக்கம்.

ராஜம்மாக்கா ஒரு சட்டி மீன்குழம்பை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அத்தான் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். "உப்பு கொஞ்சம் கூட" என்றார். அக்காவும் தொட்டுக்கொண்டாள்.

சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள். வெறும் சட்டியைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று அரிசி அள்ளிப் போட்டாள். பிறகு அரிசியைக் கொட்டிவிட்டு, டப்பாவில் இருந்த சீனி முழுவதையும் போட்டாள்.

"நான் கொண்டு போகவாக்கா?"

"நீ எழுது. நானே போறேன்."

போய் நேரமாகிறது. அடுப்பில் தண்ணீர் வற்றிவிட்டது. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பேசுகிறார்கள், இங்கே வரை கேட்கிறது.