படுக்கையில் இல்லாதவர்

மார்ச் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். பக்கவாதத்தில் படுத்த அம்மாவின் வலது கை இன்னும் அசையவில்லையா? நீ எழுதிய நாலு வரியில் அம்மாவுக்கு அரை வரிதான் கிடைத்தது.

தலைமை அலுவலகத்தில் சொல்லி நீ வாங்கித் தந்த வேலை எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். இந்த இல்லத்துக்கு வருகிறவர்கள் பிழைத்துத் திரும்புவதில்லை. வலியில்லாமல் போனால் போதும் என்று கொண்டுவந்து விடுகிறார்கள். பதினான்கு படுக்கைக்கு நாங்கள் இரண்டு பேர். புரள முடியாதவர்களை இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வைத்து, தாளில் கையெழுத்துப் போட வேண்டும். முடிகிற காரியமா? காலையிலேயே நாள் முழுவதற்கும் போட்டுவிடுகிறோம். வாரக் கடைசியில் தாள் மேற்பார்வையாளரான உன் மேசைக்கு வருகிறது. பச்சை மையில் டிக் போடுகிறாய்.

ஏழாம் படுக்கைப் பெரியவர் பஸ் கண்டக்டராக இருந்தவர். புரட்டும்போதெல்லாம் "போலாம், ரைட்" என்பார். ஒரு நாள் சாயங்காலம் வரை நான் போகவில்லை. "என்னம்மா, இன்னைக்கு வண்டி ஸ்டாப்புல நிக்கவே இல்லையே?" என்றார். சிரித்துவிட்டு வந்தேன்.

ஒன்றாம் தேதி அவருடைய மகள் அவரை வீட்டுக்கு அழைத்துப் போனாள், ஒரே ஒரு பகலுக்கு. அங்கே உடை மாற்றும்போது இடுப்புக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண். அவள் கத்தவில்லை. தாள்களைக் காட்டுங்கள் என்றாள். அவளை இருபதாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

எடுத்துப் பார்த்தேன். ஒன்றாம் தேதி: பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு. மகள் வீட்டில் இருந்த மனுஷனை நான் இங்கே நாலு தடவை புரட்டியிருக்கிறேன். என் கையெழுத்து, உன் டிக். என்ன செய்யட்டும்?

உன் தங்கை

மார்ச் 15

அன்புத் தங்கைக்கு,

பயப்படாதே. இத்துடன் வெற்றுத் தாள் ஒன்று வைத்திருக்கிறேன். ஒன்றாம் தேதிக்கு 'வீட்டுக்குச் சென்றார்' என்று எழுது. மற்றதை அப்படியே எழுதிக்கொள். டிக் போட்டே அனுப்பியிருக்கிறேன்.

என்னைக் குறை சொல்லாதே. ஆள் கேட்டு மூன்று முறை மேலே எழுதினேன். நாற்காலி அனுப்பினார்கள், பார்க்க வருகிறவர்கள் உட்கார. உன் வேலை போனால் என் வேலையும் போகும். அம்மாவை வைத்துக்கொண்டு எங்கே போய் நிற்பேன்? நேர்மைக்கெல்லாம் நமக்கு வசதி இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

மார்ச் 27

அக்கா,

உன் தாளில் எழுத உட்கார்ந்தேன். இரண்டாம் தேதி இரண்டு மணிக்கு அவரை எந்தப் பக்கம் புரட்டினேன்? புரட்டவே இல்லை. பேனாவை மூடிவிட்டேன்.

பழைய தாளையே மகளிடம் கொடுத்தேன். பாதி பொய், எழுதியது நான் என்றேன். அவள் ஒன்றாம் தேதி வரிசையில் நான்கு கையெழுத்தையும் விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டாள். பிறகு, "இத அப்பாகிட்ட நீங்களே சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். கண்ணைத் திறக்காமல் கேட்டார்: "டிக்கெட்ட கிழிச்சிட்டு வண்டிய எடுக்கல. அவ்வளவுதானே?"

மன்னித்தாரா, குத்திக்காட்டினாரா, தெரியவில்லை. அதற்குப் பிறகு நான்கு நாள்தான் இருந்தார். நான்கு நாளும் இரண்டு மணி தவறாமல் புரட்டினேன். அவர் 'ரைட்' சொல்லவில்லை. அந்த நேரத்தில் மற்ற பதின்மூன்று பேர் காத்திருந்தார்கள். அதையும் எழுதி மேலே கொடுத்திருக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். நீ ஒன்பது மணிக்கு வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறாய், ஆறு மணிக்கு வருகிறாய். பகலில் அம்மாவை யார் புரட்டுகிறார்கள்?

தங்கை

ஏப்ரல் 6

படுக்கை உதவியாளர் அவர்களுக்கு,

பதிவுத் தாளில் பொய்யாகக் கையெழுத்திட்டதற்காகவும், அதை வெளியாரிடம் கொடுத்ததற்காகவும் இன்று முதல் நீங்கள் பணியிலிருந்து நீக்கப்படுகிறீர்கள். சீருடையைத் தலைமை அலுவலகத்தில் ஒப்படைக்கவும்.

மேற்பார்வையாளர்

பி.கு.: மேலே இருப்பது அவர்கள் டைப் செய்து தந்தது. என்னை எச்சரித்து விட்டுவிட்டார்கள்.

உன் கடிதம் வந்த அன்று அம்மாவைப் புரட்டிப் பார்த்தேன். இருக்கிறது. அதே இடம்.

சீருடையைத் தபாலில் அனுப்பாதே. நீயே எடுத்துக்கொண்டு வா. பகலில் இங்கே வீட்டில் ஆள் இல்லை.

அக்கா