வலிக்காத கண்

மாமா,

இன்று காலை சிதம்பரத்தில், நான் கண் பரிசோதகராக வேலை பார்க்கும் மருத்துவமனைக்குப் பரங்கிப்பேட்டையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். கருவியின் வெளிச்சம் பட்டதும் அவர் கருவிழியில், எண்ணெய்ச் சொட்டுகள் போல மஞ்சள் துளிகள் மினுங்கின. உங்களுக்குப் பிறகு அந்தத் துளிகளை இன்றுதான் பார்த்தேன்.

ஊரில் எல்லோரும் புரை என்றுதான் உங்களை அனுப்பியிருந்தார்கள். "முப்பது வருஷமா கடலுக்குப் போறேன். வெயிலு கண்ணுக்குள்ள பூந்துட்டுது போல மச்சான்" என்று சிரித்தீர்கள். ஏறக்குறைய அதுதான் உண்மை. வெயிலும் உப்புக்காற்றும் ஆண்டுக்கணக்கில் பட்டு வரும் அரிதான சிதைவு அது. டாக்டர் வலது கருவிழியின் மேற்படலத்தைச் சுரண்டி எடுத்தார். கட்டுப் பிரித்ததும் அக்காவைப் பார்த்து, "இவ்ளோ நரைச்சுப் போச்சா ஒனக்கு?" என்றீர்கள். அவள் அழுதுகொண்டே திட்டினாள்.

இடது கண்ணைப் பிறகு செய்யலாம் என்று முடிவானது. டாக்டர் அதைப் பஞ்சு இழையால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுல உணர்ச்சி ரொம்பக் கம்மி. புண்ணு வந்தாலும் தெரியாது. புரிய வெச்சு அனுப்புங்க" என்று என்னிடம்தான் சொன்னார். வெளியே கூட்டம். சொட்டு மருந்தையும் கறுப்புக் கண்ணாடியையும் கொடுத்து, எல்லோரிடமும் சொல்வதையே உங்களிடமும் சொன்னேன்: "வலிச்சா ஒடனே வந்துடுங்க மாமா."

இரண்டு மாதம் கழித்து அக்கா உங்களை இழுத்துக்கொண்டு வந்தாள். இடது கருவிழி வெள்ளையாகப் புண்பட்டிருந்தது.

"எப்பலேர்ந்து மாமா?"

"பத்து நாளா செவந்து தண்ணி வடியுது. வலிக்கவே இல்ல மச்சான். வலிச்சாதான வரச் சொன்ன?"

அதில் கோபம் துளியும் இல்லை. கருவிழி மாற்றியும் அந்தக் கண்ணுக்குப் பார்வை திரும்பவில்லை. ஒற்றைக் கண்ணோடு மறுபடி கடலுக்குப் போனீர்கள். அடுத்த வருடம் மாரடைப்பு உங்களைக் கொண்டுபோனது.

இன்று அந்தப் பெரியவரிடம், "வலி இல்லன்னாலும் செவந்தா வந்துடணும்" என்று மூன்று முறை சொன்னேன். "புரிஞ்சிடுச்சு தம்பி, எத்தன தடவ சொல்லுவ?" என்று சலித்துக்கொண்டார்.

டாக்டர் என்னிடம் சொன்னதை உங்களிடம் கடைசிவரை சொல்லவில்லை. அக்காவிடமும் சொல்லவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் அவள், "ஒரு கண்ணையாவது எந்தம்பிதான் காப்பாத்திக் குடுத்தான்" என்கிறாள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன், மாமா.