நீ ஏற்றிய எண்ணெய்ச்சட்டி

இன்று காலை என் சமையலறையில் உன் வீட்டு வாசனை. ஈஸ்ட் போட்டுப் பிசைந்த மைதா மாவு, மூடியிருந்த ஈரத்துணியை மெல்ல மேலே தூக்கிக்கொண்டிருந்தது. பால், வெண்ணெய், லேசான புளிப்பு. துணியை விலக்கி ஒரு விரலால் அழுத்திப் பார்த்தேன். குழி உடனே மேலே வந்துவிட்டது. இன்னும் பதம் வரவில்லை. "குழி அவசரமா மேல வந்தா மாவு இன்னும் சின்னப் புள்ளைங்க டீச்சர். மெதுவா, யோசிச்சு வரணும். அப்பத்தான் சுடலாம்" என்பாய்.

உன் மகள் ஸ்டெல்லா நேற்று போன் செய்தாள். அவள் கேட்டதற்காகத்தான் இந்த மாவு.

எழுபதுகளின் கடைசியில் சேலத்தில் நாம் ஒரே காம்பவுண்டில் குடியிருந்தோம். நான் கணக்கு டீச்சர். உன் வீட்டுக்காரர் நாமக்கல் லாரி ஒன்றில் பம்பாய் லைன் ஓட்டினார். அங்கே ஒரு பேக்கரியில் தின்ற டோனட்டை அவர் உனக்கு விவரித்தது எனக்கும் கேட்டது. "நடுவுல ஓட்டை கிடையாது. உள்ள ஜாம். மேல சீனி கண்ணாடியாட்டம் பளபளன்னு. நீ செஞ்சு பாரேன்." நீயும் விடவில்லை. பேக்கரி மாஸ்டரிடம் கெஞ்சி ஈஸ்ட் வாங்கி வந்தாய். முதல் தடவை இட்லி மாவு நினைப்பில், பொங்கட்டும் என்று இரவு முழுக்க விட்டுவிட்டோம். விடிந்தபோது மாவு பாத்திரத்தைத் தாண்டி வழிந்து, கள்ளுக்கடை மாதிரி நாறியது. பிறகுதான் அதன் குணம் பிடிபட்டது. மணி அடித்த பிறகும் பிள்ளைகளை வகுப்பில் உட்கார வைக்க முடியாதில்லையா, அப்படித்தான் பொங்கின மாவும்.

ஒரு வருஷம் ஆகஸ்ட் மாதம். மறுநாள் மாதா திருநாள். ஸ்டெல்லா கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை நாள். திருநாளுக்கு முந்தின நாள் மதியத்துக்குள் வந்துவிடுவேன், சுடச்சுட டோனட் வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் அவர் வண்டி ஏறியிருந்தார். அந்த நம்பிக்கையில் நீ காலையிலேயே மாவு பிசைந்தாய். வெள்ளைக் கவுன் கொடியில் தொங்கியது. சேலத்து மாம்பழத்தில் கோடையில் காய்ச்சிய ஜாம் பாட்டிலில் தயாராக இருந்தது.

மதியம் வந்தது அவர் இல்லை. பக்கத்துத் தெரு டிரைவர் ஒருவர் வந்து வாசலிலேயே நின்றார். வடக்கே பெரும் மழை, நாமக்கல் வண்டி ஒன்று பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்துவிட்டதாகப் பேச்சு, நம்பர் தெரியவில்லை என்றார். லாரி புக்கிங் ஆபீசில் டிரங்க் கால் போட்டுக்கொண்டிருக்கிறார்கள், லைன் கிடைக்கவில்லை.

நீ உள்ளே போனாய். மாவு துணியை முட்டிக்கொண்டு நின்றது. முஷ்டியால் ஒரு குத்துக் குத்தி அமுக்கி, திரும்ப உருட்டி மூடினாய். "அவர் வாரதுக்குள்ள இன்னொருக்காப் பொங்கட்டும்" என்றாய், சுவரைப் பார்த்து.

வாசலில் ஆட்கள் கூடினார்கள். யாரும் உட்காரவில்லை. மாவு மறுபடியும் பொங்கியது. துணியை எடுத்து எனக்கும் காட்டினாய். விரல் வைத்த குழி ரொம்ப யோசித்துத்தான் மேலே வந்தது. வாசனையில் புளிப்பு ஏறியிருந்தது. இன்னொரு முறை அமுக்கினால் தாங்காது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நீ மாவைத் தட்டி, டம்ளர் வாயால் வட்டம் வட்டமாக வெட்ட ஆரம்பித்தாய். திருநாளுக்காக ஓமலூரிலிருந்து வந்திருந்த உன் நாத்தனார் ஓடி வந்து உன் கையைப் பிடித்தார்.

"என்ன புள்ள பண்ற? சேதி தெரியாம எண்ணெய்ச்சட்டி ஏத்துவியா? நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிப்போச்சுன்னா, தம்பி அங்க கெடக்க ஊட்டுல பலகாரம் சுட்டாளுகன்னு சனம் பேசாதா?"

சாவு விழுந்த வீட்டில் துக்கம் கழிகிறவரை எண்ணெய்ச்சட்டி ஏறாது. எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களானாலும் நம் பக்கத்து வழக்கம் அது. உன் நாத்தனார் கெட்டவர் இல்லை. பயந்தவர். அவர் கண்கள் வீங்கியிருந்தன.

நீ கையை விடுவித்துக்கொண்டாய். குரலை உயர்த்தவில்லை. "ஏத்தாம உட்டா என்னங்க அர்த்தம், அண்ணி? அவரை நாமளே பொணமா எடுத்துட்டோம்னுதானே? நான் எடுக்கலைங்க."

"பிடிவாதக்காரி. டீச்சர், நீங்களாச்சும் சொல்லுங்க."

தீப்பெட்டி என் பக்கத்தில் இருந்தது. எடுத்து உன்னிடம் நீட்டினேன்.

பம்ப் ஸ்டவ் சீறியது. எண்ணெய் காய்கிற வாசனை வாசலுக்குப் போனதும் அங்கிருந்த பேச்சு நின்றது. முதல் வட்டத்தைப் போட்டாய். அது எண்ணெயைக் குடித்துச் சற்றுச் சப்பையாகத்தான் வந்தது. இரண்டாவது உப்பியது, நடுவில் வெள்ளைக் கோடு விழுந்தது. நீ அதைத் திருப்பிவிட்டபோது கரண்டி சட்டி விளிம்பில் தடதடவென்று அடித்துக்கொண்டது. ஸ்டெல்லா என் சேலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள்.

சைக்கிள் மணிச் சத்தம் கேட்டது. புக்கிங் ஆபீஸ் குமாஸ்தா. கூட்டம் அவருக்கு வழிவிட்டது. நீ திரும்பவில்லை. அடுப்பிலிருந்ததைத் திருப்பிக்கொண்டே இருந்தாய். அவர் நேராகச் சமையலறை வாசல்வரை வந்தார், மூச்சு வாங்கியது. சட்டியைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், முகம் தொங்கிப்போயிற்று.

"அட, சேதி எனக்கு முன்னாடியே வந்துருச்சுங்களா? வெயில்ல நான் மிதிச்சு வந்ததெல்லாம் வீணுங்களா?"

"என்ன சேதி?" என்று நான்தான் கேட்டேன்.

"ஆத்துல போனது நம்ம வண்டி இல்லைங்க டீச்சர். நம்ம வண்டி அந்தப் பாலத்துக்கு முன்னாடியே நிக்குது. அண்ணனே டிரங்க் கால்ல பேசுனாரு. தண்ணி வடிஞ்சாத்தான் வர முடியுமாம். பாப்பா கோவிச்சுக்க வேண்டாம்னாரு. பலகாரம் சுடறீங்களேன்னு, தெரிஞ்சு போச்சாட்ட இருக்குதுன்னு நெனச்சேன்."

வேகிற டோனட்டை எடுத்துத் தட்டில் வைத்தாய். ஸ்டவ்வை அணைத்தாய். அப்புறம்தான் தரையில் உட்கார்ந்தாய். அழுகைகூட உடனே வரவில்லை உனக்கு.

மீதியை உன் நாத்தனார்தான் சுட்டார். நான் குச்சியால் டோனட்டின் பக்கவாட்டில் ஓட்டை போட்டு, மூலை கத்தரித்த பிளாஸ்டிக் கவரில் ஜாமை நிரப்பி உள்ளே பிதுக்கினேன். பொடித்த சீனியில் சூடான பால் விட்டுக் குழைத்து, அதில் ஒவ்வொன்றாக முக்கி எடுத்தார் அவர். "அதிரசத்துக்கு இத்தனை சீர் செய்யறதில்ல" என்று முணுமுணுத்துக்கொண்டே முதல் டோனட்டை உன் வாயில் வைத்தார். லேசாகப் புளித்தது. ஆனாலும் எல்லோரும் தின்றோம்.

உன் வீட்டுக்காரர் திருநாள் முடிந்துதான் வந்தார். அதன்பின் வெகுகாலம் வண்டி ஓட்டி, வயதாகி, உனக்கு முன்பே போனார். அந்த நாளைப் பற்றி நாம் இருவரும் பிறகு பேசியதே இல்லை. ஆனால் சேதி வராத எந்த நாளிலும், மகனின் பரீட்சையோ மருமகளின் பிரசவமோ, நான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்ததில்லை. அது உன்னிடமிருந்து வந்தது.

நேற்று ஸ்டெல்லா போனில் சொன்னாள்: "அம்மா துக்கம் கழிஞ்சிருச்சு ஆன்ட்டி. வேண்டியவங்க யாராச்சும் வந்து எண்ணெய்ச்சட்டி ஏத்திக் குடுக்கணும்ங்கறாங்க. நீங்க வாரீங்களா? எனக்குக் கை வரமாட்டேங்குது."

வருகிறேன் என்றேன். சொன்ன பிறகு, நாளைக்குப் போகலாமே என்று மனம் இழுத்தது. நான் சட்டி ஏற்றினால் நீ போனது உறுதியாகிவிடும். அதற்காகவே, காலையில் எழுந்ததும் யோசிக்க இடம் கொடுக்காமல் மாவைப் பிசைந்துவிட்டேன்.

இப்போது மறுபடி அழுத்திப் பார்த்தேன். குழி மெதுவாக, யோசித்து மேலே வருகிறது. ஆட்டோ வாசலில் நிற்கிறது. பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் புறப்படுகிறேன். அங்கே தீப்பெட்டியை இந்த முறை ஸ்டெல்லா எனக்கு எடுத்து நீட்ட வேண்டும்.