செவுளைத் தூக்கிக் காட்டு

அம்மா,

வெள்ளைக்காரர்கள் மீன்மேல் அநியாயமாகப் பழி போடுகிறார்கள். நான் நலம். உன் மூச்சிரைப்பு குறைந்ததா?

இந்த மான்செஸ்டரில் மழை கொட்டினால் நாயும் பூனையும் விழுவதாகச் சொல்வார்கள். சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் யார்மேலாவது சந்தேகம் வந்தால் மீன் வாடை அடிக்கிறதாம். உனக்கு உடம்பு சரியில்லை என்று லீவு கேட்டதற்கு மேனேஜர் அதைத்தான் சொன்னார்.

“எங்கம்மா மெட்ராஸ்ல கல்மண்டபம் மார்க்கெட்டுல மீன் விக்கிறவங்க. நல்ல மீன் நாறாது. சந்தேகம்னா செவுளைத் தூக்கி உள்ள செவப்பா இருக்கான்னு பாருங்க” என்று இங்கிலீஷிலேயே சொன்னேன். லீவு கிடைக்கவில்லை, ஆனால் வேலை போகவில்லை. கவலைப்படாதே.

நெத்திலிக் கருவாடு அனுப்பு. ஜன்னலைத் திறந்து வைத்தே வறுப்பேன்.

போனில் கேட்டால் “நல்லாத்தான் கீறேன்” என்கிறாய். என்னிடமும் செவுளைத் தூக்கிக் காட்டு. பஸ்ஸுக்கு நேரமாகிறது. மூன்றாவது முறையாகக் கேட்கிறேன், ஸ்கேனில் என்ன வந்தது?

ஆன்சி